பில் கணக்கு உதைத்தால்: காரைக்குடிப் பக்கம் சாப்பிட்டு எழும்போது பார்க்க வேண்டியவை

நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் பார்க்க மலேசியாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒரு வேன் சுற்றும். மதியச் சாப்பாடு காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ. பில் வாங்குவது எப்போதும் என் வேலை. பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பில் எங்கேயாவது உதைக்கும். இத்தனை வருடத்தில் அது எந்தெந்த இடத்தில் உதைக்கிறது என்று பழகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலான தவறுகள் வேண்டுமென்று செய்பவை அல்ல. ஒன்றரை மணிப் பந்தியில் நாலு சப்ளையர்கள் பதினைந்து மேசையை ஓட்டுகிறார்கள், விடுபடும், இரட்டிப்பாகும். கல்லாவில் பணம் விழுவதற்கு முன் கேட்டால் ஒரு கோடு அடித்துத் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். விழுந்தபின் கேட்டால், "பில் குளோஸ் ஆயிடுச்சுண்ணே, மேனேஜர் வரட்டும்" என்று நீளும். ஆகவே எல்லாச் சோதனையும் பணம் கையில் இருக்கும்போதே.

ஆர்டர் கொடுக்கும்போதே ஒருவர் போனில் பண்டங்களைக் குறித்துக்கொண்டால் கீழே உள்ளதில் பாதிக்கு வேலையே இல்லை. மெனு கார்டையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பில் வரும் நேரத்தில் கார்டைக் கேட்டால் அது வேறு மேசையில் இருக்கும்.

## சாப்பிடாத பண்டம் பில்லில் இருக்கிறது

அடிக்கடி வரும் கோளாறு இதுதான். கண்டுபிடிப்பதும் சுலபம்.

மேசை எண் மாறியிருக்கிறதா? பண்டங்களைப் படிக்கும் முன் பில்லின் தலையில் உள்ள மேசை எண்ணையும் நேரத்தையும் பாருங்கள். ஒருமுறை எங்கள் பில்லில் நண்டு மசாலா இரண்டும் காடை மூன்றும் இருந்தன. வந்தவர்களில் பாதிப் பேர் அன்று விரதம். பார்த்தால் பக்கத்து மேசையின் பில். அவர்கள் எங்கள் பில்லுக்குப் பணம் கொடுக்கப் போயிருந்தார்கள்.

தாம்பாளத்திலிருந்து இறங்கியதா? நம் பக்கத்து மெஸ்களில் இலையில் சோறு விழுந்தவுடன் பெரிய தாம்பாளத்தில் சின்னத் தட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். சுக்கா, ஈரல், பிச்சுப்போட்ட கோழி, எறா தொக்கு, கோலா உருண்டை. பார்த்தாலே கை நீளும். "வையுங்க, பாப்போம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். வைத்துவிட்டால் அது கணக்கில் ஏறிவிடும். புதிதாக வருகிறவர்கள் அதைச் சாப்பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டு விலை தனி, தாம்பாளம் தனி. மேசையில் எத்தனை தட்டு இறங்கியது என்று எண்ணுங்கள். தொடாத தட்டு இருந்தால் எழுவதற்கு முன்பே, இலையை மடிக்கும் முன்பே, "அண்ணே, இது தொடலை, எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட வேண்டும். கை கழுவிவிட்டு வந்து சொன்னால், யார் தொட்டார்கள், யார் தொடவில்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களும் தயங்குவார்கள், தயங்குவது நியாயம்.

ஒரே பண்டம் இரண்டு இடத்தில் இருக்கிறதா? ஆம்லெட் வரத் தாமதமாகி வேறொரு சப்ளையரிடம், "ரெண்டு ஆம்லெட் சொன்னோமே" என்று கேட்டிருப்பீர்கள். அவர் அதைப் புது ஆர்டராக எழுதியிருப்பார். பில்லின் நடுவில் ஒரு ஆம்லெட் வரி, கடைசியில் இன்னொன்று என்று இருந்தால் இதுதான் நடந்திருக்கும்.

எக்ஸ்ட்ராவா? சோறும் குழம்பும் ரசமும் கேட்டுக் கேட்டுப் போடுவதால் எல்லாமே அப்படித்தான் என்று தோன்றும். கட்டித் தயிர், இரண்டாவது அப்பளம், இனிப்பு, பீடா இவற்றுக்குச் சில கடைகளில் தனி விலை. அளவுச் சாப்பாடு என்றால் இரண்டாம் முறை சோறுக்கும் விலை உண்டு. உட்காரும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

கேட்கும் விதம் முக்கியம். "அண்ணே, நண்டு எங்க மேசைக்கு வரலையே, சீட்டைக் கொஞ்சம் பாருங்க" என்றால் போதும். சப்ளையர் எழுதிய ஆர்டர் சீட்டின் நகல் கல்லாவில் இருக்கும், அதைப் பில்லோடு ஒத்துப் பாருங்கள். சப்ளையர் வைத்தேன் என்கிறார், நீங்கள் வரவில்லை என்கிறீர்கள் என்றால் அப்போதுதான் மேனேஜர். திருத்திய தொகையைச் சப்ளையர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால், "அந்தத் தம்பி மேல தப்பு இல்லை, கூட்டம்" என்று கல்லாவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

## சாப்பிட்ட பண்டம் பில்லில் இல்லை

சொல்லிவிடுங்கள். விடுபட்ட தட்டுக்கும் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பால் பணியாரம் இரண்டு தட்டு விட்டுப்போன பில்லை ஒருமுறை திருப்பிக் கொடுத்தேன். அந்த மெஸ் ஆச்சி அதன்பிறகு எங்கள் பில்லைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

## விலை நான் பார்த்தது வேறு, பில்லில் இருப்பது வேறு

- அரை, முழு குழப்பம். நாட்டுக்கோழி அரை கேட்டு முழுவாக அடிக்கப்பட்டிருக்கும். தட்டில் வந்த அளவு நினைவிருக்கும்போதே பாருங்கள்.
- நாட்டுக்கோழிக்கும் பிராய்லருக்கும் கம்ப்யூட்டரில் அடுத்தடுத்த வரி. விரல் தவறும்.
- மெனுவில் விலை இருக்க வேண்டிய இடத்தில் "சீசன் விலை" என்று இருக்கும். மீன், நண்டு, காடை இவற்றுக்கு இது சகஜம். சொல்லும்போதே, "இன்னைக்கு என்ன விலைண்ணே?" என்று கேட்காவிட்டால் பில்லில் வருவதை மறுக்க உங்களிடம் எதுவும் இல்லை.
- பழைய மெனு கார்டு. விலை ஏறியிருக்கும், கார்டு மாறியிருக்காது. கார்டில் உள்ள விலையைக் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலான முதலாளிகள் கார்டு விலைக்கே குறைத்துக்கொள்கிறார்கள்.
- ஏசி ஹாலில் உட்கார்ந்தால் பண்டத்தின் விலையே கூடுதலாக இருக்கலாம். அது கடையின் விருப்பம், கார்டில் இருந்தால் சரி. ஆனால் ஏசிக்குத் தனி வரி என்று சொன்னால் தவறு. ஏசி இருந்தால் 18, இல்லாவிட்டால் 12 சதவீதம் என்ற பாகுபாடு 2017 நவம்பர் 15ஆம் தேதியோடு போய்விட்டது.

## வரி அதிகமாகத் தெரிகிறது

இங்கேதான் நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கிறார்கள். வரிசையாகப் போனால் ஒரு நிமிட வேலை.

முதல் சோதனை: ஐந்து சதவீதம்தானா? சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி மொத்தம் 5 சதவீதம். சி.ஜி.எஸ்.டி (மத்திய அரசுக்கு) 2.5, எஸ்.ஜி.எஸ்.டி (மாநில அரசுக்கு) 2.5 என்று பிரித்துப் போட்டிருக்கும், அது இரட்டை வரி இல்லை. மனக்கணக்காகப் பார்க்க, தொகையில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு மீதியைப் பாதியாக்குங்கள். சாப்பாடு 1,840 ரூபாய் என்றால் 184, அதில் பாதி 92. பில்லில் 46, 46 என்று இருந்து மொத்தம் 1,932 வந்தால் சரி. பைசா வித்தியாசம் முழு ரூபாயாக்கியதால் வருவது, அதை விடுங்கள். பார்சலுக்கும் இதே 5தான்.

18 சதவீதம் போட்டிருக்கிறார்கள். எங்கே சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக்கியிருக்கிறார்கள். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகத்துக்கு 18 சதவீதம்தான். 2025 ஏப்ரல் 1 முதல் முந்தைய நிதியாண்டில் அந்த விடுதி வாங்கிய வாடகையை வைத்து இது முடிவாகிறது. நீங்கள் அங்கே தங்கியிருக்க வேண்டும் என்பதில்லை, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் போனாலும் அந்த வரிதான். 3,600 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 180க்குப் பதில் 648 வரும். பன்னிரண்டு பேரோடு போகும் முன் போனில், "வரி அஞ்சா, பதினெட்டா?" என்று கேட்டுவிடுங்கள். அறைகளே இல்லாத பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஓட்டல் 18 போட்டால், அப்போது கேட்க வேண்டும்.

விலையில் வரி அடக்கம் என்று கார்டில் இருக்கிறது, பில்லில் மறுபடி வரி. போட்டோ எடுத்த கார்டு இங்கே உதவும். கம்ப்யூட்டரில் அந்தப் பண்டத்துக்கு மட்டும் தவறாக அமைத்திருப்பார்கள். எல்லாப் பண்டத்துக்கும் அப்படி என்றால் மேனேஜரிடம் சொல்லுங்கள்.

வரி போட்டிருக்கிறது, ஜி.எஸ்.டி எண் இல்லை. எண் இல்லாத கடைக்கு வரி வாங்க உரிமை இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே உள்ள சின்ன மெஸ் பதிவு செய்யத் தேவையில்லை, அதில் குற்றமும் இல்லை. அவர்கள் ஜி.எஸ்.டியைப் பில்லில் போடக் கூடாது, அவ்வளவுதான்.

எண் இருக்கிறது, ஆனாலும் சந்தேகம். எண் 15 இலக்கம், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33இல் தொடங்கும். ஜி.எஸ்.டி இணையதளத்தில், வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில் அதை இட்டால் கடையின் பெயரும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை. அங்கே "கம்போசிஷன்" என்று இருந்தால் கவனியுங்கள். ஆண்டு வரவு ஒன்றரைக் கோடி வரை உள்ள உணவகங்கள் இந்தத் திட்டத்தில் சேரலாம். சேர்ந்தால் வரியைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. அதைப் பில்லின் மேலேயே அச்சிடவும் வேண்டும். மேலே அப்படி அச்சிட்டு, கீழே 2.5, 2.5 போட்ட பில்லை நானே பார்த்திருக்கிறேன். காட்டியதும் கழித்துக் கொடுத்தார்கள். பில் மென்பொருளை யாரோ வந்து நிறுவிவிட்டுப் போயிருக்கிறார்கள், கடைக்காரருக்கே தெரியவில்லை.

பலகாரக் கடையில் முறுக்கு, தேன்குழல் பாக்கெட் வாங்கினால்: 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. இன்னும் 12 போட்ட பில் வந்தால் பழைய அமைப்பு மாற்றப்படவில்லை என்று பொருள். பாக்கெட்டில் எம்.ஆர்.பி அச்சிட்டிருந்தால் வரி அதற்குள்ளேயே அடக்கம், மேலே எதுவும் கொடுக்காதீர்கள்.

## சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு கட்டணம்

மெஸ்களில் இதைப் பார்த்ததில்லை. பெரிய ஓட்டல்களில் வரும், சில சமயம் வேறு பெயரில். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது.

இந்தக் கட்டணம் பில்லில் இருந்தால் ஜி.எஸ்.டியும் அதன் மேல் ஏறிவிடும். அதே 1,840க்கு 10 சதவீதம் 184 சேர்த்தால் 2,024. அதற்கு வரி 101.20. மொத்தம் 2,125.20. முதலில் வந்த 1,932க்கும் இதற்கும் 193 ரூபாய் வித்தியாசம். "இதை எடுத்துட்டுப் புது பில் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். பேனாவால் அடித்துக் கொடுத்தால் வரி பழைய தொகைக்கே நிற்கும், புது பில்தான் வேண்டும். சப்ளையர் நன்றாகக் கவனித்திருந்தால் டிப்ஸை அவர் கையில் கொடுங்கள்.

## தண்ணீர் பாட்டில் விலை

மேசையில் உட்கார்ந்து வாங்கிய பாட்டிலுக்கு எம்.ஆர்.பிக்கு மேல் போட்டிருந்தால் நிறையப் பேர் சண்டைக்குப் போகிறார்கள். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல் அப்படி வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. மெனுவில் என்ன விலை என்று பாருங்கள், அதற்கு மேல் இருந்தால் மட்டும் கேளுங்கள். கேட்காமலே மேசையில் பாட்டில் வைத்திருந்தால் மூடி திறக்கும் முன் திருப்பிக் கொடுத்து, சாதாரணத் தண்ணீர் கேட்கலாம்.

வாசலில் உள்ள கடையில், கல்லாவில் நின்று வாங்கிப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அது வெறும் விற்பனை, எம்.ஆர்.பிக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

## பில்லே இல்லை, வாய்க்கணக்கு

"ஆயிரத்து நாநூத்தி அம்பது ஆச்சுண்ணே." சின்ன மெஸ்ஸில் இது வழக்கம். பெரும்பாலும் அவர்கள் கணக்கு நம் கணக்கைவிடச் சரியாக இருக்கும். இருந்தாலும் பண்டம் பண்டமாகச் சொல்லச் சொல்லுங்கள், அல்லது ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவு பெற்ற கடை என்றால், 200 ரூபாய்க்குக் குறைந்த தொகைக்குக் கேட்டால் பில் தர வேண்டும், 200க்கு மேல் கேட்காமலே தர வேண்டும். "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட சீட்டு பில் ஆகாது. அதில் ஜி.எஸ்.டியும் போட்டிருந்தால் பணம் கொடுக்கும் முன் சரியான பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

## விருந்து சொன்னோம், இலை எண்ணிக்கை ஒத்துவரவில்லை

சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), புதுமனை என்று இலைக்கு இவ்வளவு என்று பேசிச் சாப்பாடு சொல்லும்போது தொகை பெரிது, தகராறும் பெரிது. காரணம் எப்போதும் பேச்சில் விட்டுப்போன இலைகள்: டிரைவர்கள், பந்தலில் வேலை செய்தவர்கள், பாதி இலையில் சாப்பிட்ட குழந்தைகள், சமையல்காரர்களே சாப்பிட்டது. வருகிறேன் என்று சொல்லி வராத ஐம்பது பேர்.

முன்பணம் கொடுக்கும் அன்றே ஒரு தாளில் எழுதுங்கள். குறைந்தபட்ச இலை எத்தனை, அதற்கு மேல் போனால் விலை என்ன, குழந்தை இலை அரையா முழுவா, டிரைவர் இலை யார் கணக்கு. பந்தி நடக்கும்போது நம் பக்கம் ஒருவர், அவர்கள் பக்கம் ஒருவர் நின்று பந்திக்குப் பந்தி எண்ணிக் குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும். மொய் எழுத ஆள் உட்கார வைக்கிறோம், இலை எண்ணவும் ஒரு ஆள் வைக்கலாம். கடைசியில் இலைக்கட்டில் எத்தனை குறைந்தது என்பதை வைத்துக் கணக்குப் பார்ப்பது சரிவராது, கிழிந்த இலையும் அதில் சேர்ந்துவிடும்.

## பணம் போய்விட்டது, வரவில்லை என்கிறார்கள்

ஸ்கேன் செய்ததும் போனில் வரும் பெயரைக் கல்லாவில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வேறு பெயர் என்றால் நிறுத்துங்கள். சில கடைகளில் மகன் பெயரிலோ பழைய பெயரிலோ இருக்கும். அவர்களே ஆமாம் என்று சொன்னபின் அனுப்பலாம். யு.பி.ஐ-யில் கொடுப்பதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சவுண்டு பாக்ஸ் பேசவில்லை என்றால் உடனே இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். இதில்தான் நிறையப் பேர் இரட்டிப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் வங்கிக் குறுஞ்செய்தி அல்லது இருப்பைப் பாருங்கள். கழிந்திருந்தால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் காட்டி, கடைக்காரரைத் தன் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இருவருக்கும் தெளிவாகவில்லை என்றால் ரொக்கம் கொடுத்து, "யு.பி.ஐ வந்தால் திருப்பித் தரப்படும்" என்று பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். கடைக்குப் போய்ச் சேராமல் நின்ற பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு. ஆறாம் நாள் வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

## கேட்டும் திருத்தவில்லை

வேனில் எல்லோரும் காத்திருக்க, பசியாறிய வயிற்றோடு வாசலில் நின்று சண்டை போட வேண்டாம். தொகை சின்னதென்றால் கொடுத்துவிட்டு, "ஆட்சேபத்துடன் கொடுத்தேன்" என்று நம் பிரதியில் தேதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். வரி, சர்வீஸ் சார்ஜ் விஷயங்களில் அதிலேயே பலவும் முடிந்துவிடும்.

விருந்துக் கணக்கு மாதிரிப் பெரிய தொகை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னையிலிருந்து வந்தவர் இதற்காகச் சிவகங்கைக்கு அலைய வேண்டாம். தொகை லட்சத்தைத் தொட்டால் ஒரு வக்கீலிடம் தாள்களைக் காட்டிவிட்டுப் போடுவது நல்லது.

எதற்குப் போனாலும் பில் வேண்டும். இப்போதெல்லாம் பில் அச்சாகும் தாள் சூடு பட்டால் கறுக்கும், நாள்பட்டால் எழுத்து மங்கிப்போகும். வேனில் ஏறியதுமே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.